சுபாவம் இல்லை சாஹேப், அது வெர்ஷன்!

நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. கியர் மாறும்போது உதறினால், அல்லது ஆக்சிலரேட்டரை மிதித்தபின் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிளம்பினால், பெரும்பாலும் அது அந்த வண்டியின் பிறவிக் குணம் அல்ல. யாரோ ஒரு இன்ஜினியர் கணினி முன்னால் உட்கார்ந்து எடுத்த முடிவு. எழுதியதை மாற்றி எழுத முடியும். அப்படி மாற்றி எழுதியதை நம் வண்டியில் இலவசமாக ஏற்றித் தருவதும், என்ன ஏற்றினோம் என்று காகிதத்தில் எழுதித் தருவதும் விற்ற கம்பெனியின் கடமை. ரோட்டோரக் கடையில் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வது அதற்கு மாற்று ஆகாது.

பதிவே இவ்வளவுதான். ஏன், எப்படி என்று கேட்பவர்கள் மேற்கொண்டு படிக்கவும் :-)

புனேயில் நம்ம ஆட்கள் ஆட்டோமேட்டிக்குக்கு மாறியதற்குக் காரணம் தேடி ஆராய்ச்சியெல்லாம் செய்ய வேண்டியதில்லை. காலை 9 மணிக்கு வாகட் பாலத்திலிருந்து ஹிஞ்சவடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இடது முழங்காலே சொல்லிவிடும். இன்னொரு காரணம் ஊர். இங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1200 கி.மீ. சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று போய்க்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், விமானத்தில் நாலு டிக்கெட் என்றால் ஒரு மாதச் சம்பளம். அதனால் பெரிய வண்டி, ஆட்டோமேட்டிக், புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி ஓட்டுவது, பின்னால் அப்பா அம்மா, அவர்கள் காலடியில் முறுக்கு டின். இதுதான் புனேத் தமிழனின் புஷ்பக விமானம். வீட்டுக் கடனுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவும் இதுதான். அது கம்பாட்கி காட் ஏற்றத்தில், லாரியை முந்தும் நேரத்தில், எந்த கியர் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றால் அதைச் சொகுசுக் குறைபாடு என்று விட்டுவிட முடியாது.

கியர்பாக்ஸுக்கு ஒரு மூளை இருக்கிறது. டி.சி.யூ. என்பார்கள். அதற்கு இரண்டு வேலை. எப்போது கியர் மாற்றுவது என்பது ஒன்று. எப்படி மாற்றுவது என்பது மற்றொன்று.

"எப்போது" என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. ஒரு பக்கம் வண்டியின் வேகம், மறுபக்கம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற அளவு. லேசாக மிதித்தால் சீக்கிரமே மேல் கியர். அழுத்தி மிதித்தால் கீழ் கியரிலேயே கொஞ்ச நேரம் இழுக்கும். மேலே ஏற ஒரு கோடு, கீழே இறங்க ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால், கிளம்பலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிற தாத்தா மாதிரி, இரண்டாவது கியரா மூன்றாவதா என்று வண்டி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் வரும் எரிச்சலில் பாதி இதுதான்.

"எப்படி" என்பது இன்னும் நுணுக்கம். டார்க் கன்வர்ட்டர் வகை கியர்பாக்ஸுக்குள் பல கிளட்ச்கள் இருக்கும். கியர் மாறும்போது பெரும்பாலும் ஒன்று விடும், இன்னொன்று பிடிக்கும். ரிலே ஓட்டத்தில் குச்சி கைமாறுவது மாதிரி. பிடிக்க வேண்டிய கிளட்சுக்குள் முதலில் எண்ணெய் நிரம்ப வேண்டும், பிறகு அழுத்தம் ஏற வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே பிடித்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டும் பிடித்து வண்டி உதறும். கொஞ்சம் பிந்தினால் பிடிமானம் இல்லாமல் எஞ்சின் மட்டும் வீறிடும். இந்தக் "கொஞ்சம்" என்பது ஒரு நொடியில் நூறில் சில பங்கு. அந்த நேரத்தில் "ஒரு கணம் இழுவையைக் குறைச்சுக்கோ" என்று எஞ்சினின் மூளைக்கும் டி.சி.யூ. தகவல் அனுப்ப வேண்டும். 1986-ல் பாஷ் கம்பெனி வெளியிட்ட கேன் என்ற தகவல் தடத்தில்தான் இன்றைக்கும் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இதற்கு மேல், எண்ணெய் சூடாக இருப்பது வேறு, குளிர்ந்திருப்பது வேறு. டிசம்பர் காலையில் முதல் 10 நிமிடம் ஒரு மாதிரியும், மே மாத மதியம் வேறு மாதிரியும் மாறுவது இதனால்தான். கிளட்ச் தேயத் தேய, அதற்கேற்ற மாதிரி டி.சி.யூ. தன் அளவுகளைத் தானே திருத்திக்கொண்டும் வரும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ஒரு வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. நம்ம பிம்ப்ரியில் பிறந்த டாடா ஹாரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் வந்தபோது மேனுவல் மட்டும்தான். 2020-ல்தான் ஆட்டோமேட்டிக் வந்தது. எஞ்சின் ஃபியட் குடும்பத்து 2 லிட்டர் டீசல், தயாரானது ரஞ்சன்காவில். 6 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி ஹூண்டாயிடமிருந்து. அடித்தளம் லேண்ட் ரோவரின் வழித்தோன்றல். இத்தாலி மாப்பிள்ளை, கொரியா மணப்பெண், கல்யாணம் பிம்ப்ரியில்! இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு குடும்பம் நடத்த வைப்பதுதான் காலிப்ரேஷன் என்ற வேலை. ஆயிரக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருத்தும் வேலை. இந்தத் துறைக்கு மென்பொருள் எழுதுகிற நம்ம ஆட்கள் இதே ஹிஞ்சவடியில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் பிடுங்குகிற ஆணிதான் இது.

ஆக, திருத்திக்கொண்டே போகக்கூடிய ஒன்றுக்கு "சுபாவம்" என்று பெயர் வைப்பது பெரிய ஏமாற்று. ஆனால் சர்வீஸ் சென்டரில் நமக்குக் கிடைக்கும் முதல் பதில் அதுதான்.

எங்கள் வண்டியின் கம்பெனி பெயர் வேண்டாம். 14,000 கி.மீ. ஓடியபிறகு, மெதுவாகப் போகும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் முதுகில் யாரோ தட்டுகிற மாதிரி ஒரு உதறல். வேகத்தடை தாண்டி மறுபடி மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு பாய்ச்சல். வண்டியை அதிகம் ஓட்டுவது என் மனைவிதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம், அவள் அலுவலகம், மாமனாருக்கு ஆஸ்பத்திரி எல்லாம் அவள் கணக்கு. சர்வீஸ் சென்டருக்கும் அவளே கொண்டுபோனாள். அட்வைசர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னது: "ஸ்வபாவச் அஸா ஆஹே, மேடம்." இந்த வண்டியின் சுபாவமே அப்படித்தான் என்று அர்த்தம். கூடவே ஒரு இலவச அறிவுரை. ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கப் பழகினால் சரியாகிவிடுமாம்.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இது: "ஏங்க, போன வருஷம் இதே காலாலதான மிதிச்சேன். அப்ப உதறலையே. இப்ப எனக்குக் கால் மாறிப்போச்சா?"

இந்த ஒரு கேள்விக்கு அந்த அட்வைசரிடம் பதில் இல்லை. அடுத்த முறை நானும் கூடப் போனேன். அதே வண்டி, அதே உதறல். எனக்கு மட்டும் மரியாதையாக "அப்சர்வேஷன்ல வைப்போம் சார்" என்றார்கள்! மூன்றாவது முறை, எந்த வேகத்தில், எந்த கியரில், வண்டி சூடான எத்தனை நிமிடத்தில் என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த 11 குறிப்புகளை மேஜையில் வைத்தாள். அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு டெக்னீஷியன் லேப்டாப்போடு வந்தார். புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, போட்டுவிடலாம் என்றார். 40 நிமிட வேலை. உதறல் முக்கால்வாசி போயிற்று, தயக்கம் முழுக்கப் போயிற்று. ஜாப் கார்டில் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "சாஃப்ட்வேர் அப்டேட்." எந்த வெர்ஷன், எதை மாற்றினார்கள், ஒன்றும் கிடையாது. மருந்துச் சீட்டில் டாக்டர் "மருந்து" என்று மட்டும் எழுதித் தந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

வண்டியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு ஓட்டுபவரைக் குறை சொல்லும் இந்தப் பழக்கம் புனேயில் மட்டும் இல்லை. உலகப் பழக்கம். அதற்கு நம்ம சென்னையோடு தொடர்புள்ள ஒரு பெரிய சாட்சியே உண்டு. மறைமலைநகரில் 2013 முதல் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் ஞாபகம் இருக்கும். அதன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற 6 கியர் இரட்டை கிளட்ச் பெட்டி. உலகம் முழுக்க ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் வண்டிகளில் இந்தப் பெட்டி அதிர்கிறது, தயங்குகிறது என்று புகார்கள் குவிந்தன. ஆஸ்திரேலியாவில் அரசின் நுகர்வோர் ஆணையம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2018-ல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். ஆணையம் சொன்ன குற்றங்களில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? அதிர்வு என்பது வண்டியின் கோளாறுக்கான அறிகுறி என்று தெரிந்திருந்தும், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொன்னது. இதைப் படித்தபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தக் கதையிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. மென்பொருள் எல்லாவற்றையும் சரிசெய்யாது. அந்தப் பெட்டியில் இருந்தவை எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச்கள். கோளாறு பொருளிலேயே இருக்கும்போது எண்களை எவ்வளவு திருத்தினாலும் ஓரளவுக்கு மேல் பலிக்காது. ஈக்கோஸ்போர்ட்டின் 2017 புதுப்பிப்பில் அந்தப் பெட்டியையே தூக்கிவிட்டு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வைத்தார்கள். இதேபோல ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மேனுவல் கியர்பாக்ஸை மோட்டார் வைத்து மாற்றுவது. ஒரே கிளட்ச் என்பதால் கியர் மாறும்போது இழுவை ஒரு கணம் அறுந்துதான் ஆகும். அதை மட்டும் சுபாவம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். மென்பொருள் அந்த இடைவெளியைச் சுருக்கலாம், ஒழிக்க முடியாது.

மென்பொருளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டொலிடோவில் 2013-ல் புது ஜீப் செரோக்கி தயாரானது. அதில் இசட்.எஃப். கம்பெனியின் 9 கியர் ஆட்டோமேட்டிக். குறுக்காக எஞ்சின் வைக்கும் வண்டியில் இடம் கம்மி. அத்தனை கியரையும் அடக்க, சில இடங்களில் வழக்கமான உராய்வு கிளட்சுக்குப் பதிலாகப் பல்லும் பல்லும் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்ச் இரண்டு வைத்தார்கள். உராய்வு கிளட்ச் வழுக்கிக்கொண்டே பிடிக்கும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும். பல் மன்னிக்காது. இரு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் கோத்துக்கொள்ளும். அதனால் 5-லிருந்து 4-க்கும், 8-லிருந்து 7-க்கும் இறங்குவது இந்தப் பெட்டியின் கஷ்டமான இடங்கள். தயாரான வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஆலை வளாகத்தில் மாதக்கணக்கில் நின்றன. இரும்பு வேலை முடிந்தும் மென்பொருள் பக்குவமாகாததால்! விற்பனைக்கு வந்தபிறகும் புகார்கள் ஓயவில்லை. அடுத்தடுத்து மென்பொருள் திருத்தங்கள் வெளியிட்டார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். புனேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில் இருக்கும் அதே ரஞ்சன்காவில் 2017 முதல் ஜீப் காம்பஸ் தயாராகி வந்தது. 2019-ல் அதன் டீசலுக்கு வந்த ஆட்டோமேட்டிக் இந்த 9 கியர் குடும்பம்தான். டொலிடோவில் முதலில் வாங்கியவர்கள் முதுகில் வாங்கிய தட்டுகளெல்லாம், எண்களாக மாறி, பின்னால் வாங்கியவர்களுக்குப் பாடமாயிற்று. கார் விற்றதும் வேலை முடிந்துவிடவில்லை, அது ஓட ஓடத் திருந்தும் என்பதைக் கம்பெனிகளே செய்து காட்டிய கதை இது. அப்படியிருக்க, நம் ஊர் சர்வீஸ் சென்டரில் மட்டும் ஏன் மூன்று தடவை அலைந்தபிறகு லேப்டாப் வெளியே வருகிறது?

கம்பெனி எழுதும் வரைபடம் ஏன் முதலிலேயே நமக்குப் பிடித்த மாதிரி இருப்பதில்லை? ஒரு காரணம் நம்மிடமும் இருக்கிறது. "எவ்வளவு கொடுக்குது?" என்று மைலேஜ் கேட்காமல் நாம் வண்டி வாங்குவதில்லை. விளம்பரத்தில் வரும் அந்த ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜின் வீடு இங்கேதான், கோத்ரூட் பக்கம் வேதாள் டேக்டி மேல். விடியற்காலையில் அந்தக் குன்றில் நடைப்பயிற்சி போகிற நம்மவர்களுக்குத் தெரிந்த இடம்தான். அந்த எண்ணுக்கான சோதனையில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, முன்பே வகுத்த ஒரு வேகக் கணக்கின்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. அங்கே கம்பாட்கி காட் கிடையாது, பின்சீட்டில் அப்பா அம்மா கிடையாது, முறுக்கு டின்னும் கிடையாது. அந்தக் கணக்கில் நல்ல எண் வர வேண்டுமானால் சீக்கிரம் மேல் கியருக்குப் போய், அங்கேயே உட்கார்ந்திருப்பது நல்லது. நிஜச் சாலையில் அதே குணம் சோம்பலாகத் தெரிகிறது. தப்பு என்று சொல்லவில்லை. எரிபொருள் மிச்சமாவதும் நல்லதுதான். ஆனால் அது யாரோ நமக்காகச் செய்த தேர்வு என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

தெரியாமல் இருந்தால் எதுவரை போகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகனைப் பிடித்தது. ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி என்பது போன்றவற்றை வைத்து "இப்போது சோதனை நடக்கிறது" என்று மென்பொருளே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையை அடக்கி வாசித்தது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அது எஞ்சின் கதை, அப்பட்டமான மோசடி. கியர் உதறலை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் வேர் ஒன்றுதான். வண்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அதை ஓட்டுபவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ரீமேப் கடைகள் வருகின்றன. கம்பெனி கைவிரித்தால், அதே எண்களை நாங்கள் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு மதுரைக்காரர் போட்டுக்கொண்டார். என்னை உட்கார வைத்து ஓட்டியும் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. இதுவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "தம்பி, கம்பெனிக்காரன் 3 வருஷமா செய்யாததை இவன் 3 மணி நேரத்துல செஞ்சுட்டான்" என்கிறார். அண்ணாச்சியிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணங்கள்:

ஒன்று, பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. மேலே சொன்ன இசட்.எஃப். பெட்டியின் பெயர் 9எச்.பி.48. கடைசி 48 என்பது 480 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும் என்பதன் குறிப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு கணக்கு. கடைகள் பெரும்பாலும் எஞ்சின் இழுவையையும் சேர்த்தே கூட்டுகின்றன. அழுத்தத்தைக் கூட்டி கிளட்சை வேகமாகப் பிடிக்க வைத்தால் சுகமாக இருக்கும். அது எங்கே தேய்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று லட்சம் கி.மீ. ஓட்டிப் பார்க்க அந்தக் கடைக்கு வசதி கிடையாது. ஓட்டிப் பார்ப்பது நீங்கள்தான், உங்கள் காசில், உங்கள் குடும்பத்தை வைத்துக்கொண்டு.

இரண்டு, புகை. எந்த வேகத்தில் எந்த கியர் என்பது மாறினால் புகையும் மாறும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிகளின்படி கம்பெனி ஒப்புதல் வாங்கியது அதன் சொந்த எண்களுக்குத்தான். பெட்ரோல் பங்க் பக்கத்தில் வாங்கும் பி.யூ.சி. சான்றிதழ் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காது. டீசலில் அங்கே பார்ப்பது கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. சுவாசிப்பது நம் பிள்ளைகளும்தான்.

மூன்று, காகிதம். தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. மென்பொருளை மாற்றுவது அதில் சேருமா என்று வக்கீல்கள் சாவகாசமாக வாதாடலாம். வாரண்டியோ இன்ஷூரன்ஸோ கேட்டு நிற்கும் நாளில், மராத்தியும் அரைகுறை இந்தியுமாக நாம் வாதாட முடியாது.

அண்ணாச்சி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கம்பெனி ஒழுங்காகத் திருத்தம் தந்திருந்தால் அவர் ஏன் கடைக்குப் போகிறார்? ரேஷன் கடையில் அரிசி இருந்தால் கள்ள மார்க்கெட் எதற்கு? கடைக்காரர்களைத் திட்டுவதோடு நிறுத்திவிட்டுக் கம்பெனியைச் சும்மா விடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கம்பெனிகள் சொல்லும் சாக்கு எனக்கும் தெரியும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாதாம், வெர்ஷன் நம்பரைக் கொடுத்தால் தொந்தரவு செய்வார்களாம், போட்டிக் கம்பெனிக்கு ரகசியம் போய்விடுமாம். சமையல் குறிப்பை யாரும் கேட்கவில்லை ஐயா. உப்பைக் குறைத்தீர்களா, காரத்தைக் கூட்டினீர்களா என்றுதான் கேட்கிறோம். நம் கைபேசியில் ஒரு சின்ன செயலி புதுப்பித்தால்கூட என்ன மாறியது என்று நாலு வரி வருகிறது. 20 லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த நாலு வரி கிடையாதா? உலக அளவில் இதற்கு விதியே வந்துவிட்டது. வண்டி மென்பொருள் புதுப்பிப்புகளை எப்படி நிர்வகிப்பது என்று ஐ.நா. அமைப்பு 2020-ல் 156-ம் எண் விதியை ஏற்றது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த வண்டியில் எந்த வெர்ஷன் என்று கம்பெனி பதிவு வைத்திருக்க வேண்டும், என்ன மாறுகிறது என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இந்தியாவுக்கு இதையொட்டி ஏ.ஐ.எஸ். 190 என்ற தர வரைவும் எழுதப்பட்டது. அந்தத் தரங்களை வகுக்கும் குழுவின் செயலகமும் அதே வேதாள் டேக்டி ஏ.ஆர்.ஏ.ஐ.தான். நம் வீட்டு ஜன்னலில் தெரிகிற குன்று!

விதி அதன் பாட்டுக்கு வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

சர்வீஸ் சென்டரில் "கியர் சரியில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த கியரிலிருந்து எதற்கு, என்ன வேகம், லேசாக மிதித்தபோதா அழுத்தி மிதித்தபோதா, வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மேட்டிலா சமதளத்திலா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். குறிப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலை அல்ல. டெக்னீஷியனைக் கூட உட்கார வைத்து அதே இடத்தில் அதே மாதிரி ஓட்டிக் காட்டுங்கள்.

இப்போது என்ன வெர்ஷன் இருக்கிறது, புதியது ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். போட்டால், முன் எண், பின் எண் இரண்டையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய கற்றலை அழிக்கும் ரீசெட் வேறு, புது மென்பொருள் வேறு. சில இடங்களில் ரீசெட் செய்துவிட்டு அப்டேட் என்று சொல்லி அனுப்புவார்கள். ரீசெட்டானால் முதல் சில நாட்கள் வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு பழகும்.

பெட்டியைக் கழற்ற வேண்டும், பாகம் மாற்ற வேண்டும் என்றால், எண்ணெய் அளவும் எஞ்சின் மவுண்ட்டும் மென்பொருளும் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். தேய்ந்த மவுண்ட்கூட உதறல் மாதிரி வேஷம் போடும்.

"சுபாவம்" என்று சொன்னால் ஒரே பதில் போதும். அதையே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள். எழுதினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்தக் காகிதம் உதவும்.

கடைசியாக ஒன்று, இது ஆண்களுக்கு. வண்டியைத் தினமும் ஓட்டுவது உங்கள் மனைவி என்றால், புகாரை அவரே சொல்லட்டும். அவருக்குத்தான் அந்த உதறலின் நாடி தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டு அவர் வாயைப் பிடுங்கி நீங்கள் பேசாதீர்கள். சொந்த ஊரை விட்டு, மொழி தெரியாத ஊரில் வந்து குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு ஸ்டீயரிங் பிடித்தபிறகு கிடைத்த தைரியம் சாதாரணமானது இல்லை. ஒரு மோசமான வரைபடத்தை எழுதிவிட்டு, பழியை அவர் கால் மேல் போடுவதை நாம் அனுமதிக்கக் கூடாது. 1200 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்கு நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பாதி அந்தக் கால்தான்.

டிஸ்கி: எனக்கு எந்தக் கார் கம்பெனியிலும் பங்கு கிடையாது, எந்த ரீமேப் கடையோடும் பகை கிடையாது. அண்ணாச்சி இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால், அவர் வீட்டு ஜிகர்தண்டாவோடு பேசித் தீர்த்துக்கொள்கிறோம் :-)